முகாம் டிரெய்லரின் தூக்கு மூடி: 90 கிலோவுக்கு 900 நியூட்டன் என்ற கணக்கு சரியா?

கேள்வி (ஜூன் 3)

கரடுமுரடான தடங்களில் இழுத்துச் செல்வதற்காக ஒரு முகாம் டிரெய்லர் கட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டியின் மேல்மூடி 2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடையது. கீல்கள் நீளப் பக்கத்தில் உள்ளன. மூடி 35 கிலோ. அதன் மேல் மடித்துக் கட்டிய கூடாரம் 55 கிலோ. மூடியை 70 டிகிரி வரை திறக்க எண்ணம். மொத்தம் 90 கிலோ என்பது ஏறக்குறைய 900 நியூட்டன். ஆகவே 450 நியூட்டன் கேஸ் ஸ்ட்ரட் (காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிப்பது போன்ற, வாயு அடைத்த உருளையும் தண்டும்) இரண்டு வாங்கிப் பொருத்தினால் மூடியை ஒரு கையால் தூக்கலாம் என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் உண்டா?

ஜூன் 3, இரவு

கணக்கிட்ட வழியை மறுக்கிறேன். விடை தற்செயலாகச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது.

மூடி நேராக மேலே எழுவதில்லை, கீலைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியவை எடையும் விசையும் அல்ல, இரண்டு திருப்புத்திறன்கள், அதாவது விசையைக் கீலிலிருந்து அதற்குள்ள தொலைவால் பெருக்கிய அளவுகள். ஈர்ப்பு மையம் அகலத்தின் நடுவில், அதாவது கீலிலிருந்து 0.6 மீட்டரில் இருப்பதாகக் கொண்டால், 90 × 9.81 × 0.6 = 530 நியூட்டன் மீட்டர். மூடிய நிலையில் எடை மூடியை இந்த அளவுக்குக் கீழே அழுத்துகிறது. ஸ்ட்ரட்டின் பங்கை அறிய, அதன் விசையைக் கீலுக்கும் ஸ்ட்ரட் நிற்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்க வேண்டும். அந்தத் தொலைவு தெரியாமல் விசையைப் பேசுவதில் பயனில்லை.

இரண்டு பொருத்தங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் ஸ்ட்ரட்டின் மேல்முனை மூடியில் கீலிலிருந்து 500 மிமீ தள்ளியும், கீழ்முனை பெட்டிச் சுவரில் கீலிலிருந்து 100 மிமீ உள்ளே, 450 மிமீ கீழேயும் இருக்கிறது. மூடிய நிலையில் செங்குத்துத் தொலைவு 374 மிமீ. இரண்டாவதில் மேல்முனை 300 மிமீ தள்ளி, கீழ்முனை 50 மிமீ உள்ளே, 300 மிமீ கீழே. தொலைவு 230 மிமீ ஆகச் சுருங்கிவிடுகிறது. ஸ்ட்ரட்டின் மீது அச்சிட்டிருக்கும் எண் அது முழுதாக நீண்ட நிலையில் தரும் விசை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்டு உள்ளே போகப் போக வாயு இறுகுவதால், முழுதும் அமுங்கிய நிலையில் விசை பொதுவாக 1.2 முதல் 1.4 மடங்கு வரை உயரும். 1.3 என்று வைத்தால் உங்கள் 450, மூடிய நிலையில் 585 ஆகிறது.

முதல் பொருத்தத்தில் இரண்டு ஸ்ட்ரட்டும் சேர்ந்து 438 நியூட்டன் மீட்டர் தரும். மீதியை மூடியின் விளிம்பைப் பிடித்து நீங்கள் தர வேண்டும். அது 77 நியூட்டன், ஏறக்குறைய 8 கிலோ தூக்கும் வேலை. இரண்டாவதில் அதே ஸ்ட்ரட்டுகள் 270தான் தரும். விளிம்பில் 22 கிலோ தூக்க வேண்டியிருக்கும். பொருளும் எடையும் ஒன்றே. போல்ட் இருக்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

ஜூன் 4

மேலே எழுதியதில் ஈர்ப்பு மையத்தை ஒரே அளவால், அதாவது கீலிலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதால் மட்டும் குறித்தேன். மூடிய நிலைக்கு அது போதும். திறக்கத் தொடங்கியதும் போதாது, ஏனென்றால் கூடாரம் மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மடித்த கூடாரத்தின் தடிப்பைப் பொறுத்து மொத்த ஈர்ப்பு மையம் கீல் மட்டத்துக்கு மேலே கணிசமாக எழும்பிவிடும். உங்களுக்கு அது 200 மிமீ என்று கொள்வோம். அப்போது கீலிலிருந்து ஈர்ப்பு மையத்துக்கு வரையும் கோடு, மூடி மூடியிருக்கும்போதே கிடைமட்டத்துக்கு 18 டிகிரி மேலே சாய்ந்திருக்கிறது. மூடியை 72 டிகிரி திறந்தால் ஈர்ப்பு மையம் கீலுக்கு நேர் மேலே வந்துவிடும். அதையும் தாண்டினால் மூடி உங்கள் பக்கம் திரும்பி வர விரும்பாது; மறுபக்கம் கவிழவே விரும்பும். நீங்கள் 70 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு டிகிரி இடைவெளியில் அந்த எல்லைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

ஈர்ப்பு மையத்தின் உயரத்தை எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டுக் கூட்டுவதைவிட ஒரு கொக்கித் தராசு நம்பகமானது.

ஸ்ட்ரட் பொருத்துவதற்கு முன், கூடாரத்தைக் கட்டிய பிறகு, கீலுக்கு எதிர் விளிம்பின் நடுவில் தராசை மாட்டி, மூடி இருக்கையை விட்டு ஒரு நூலளவு எழும்பும்வரை நேர் மேலே இழுங்கள். உங்கள் மூடியில் 45 கிலோவுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிறகு மூடியை 45 டிகிரிக்கு உயர்த்தி, கீழே ஒரு கனமான கட்டையை முட்டுக்கொடுத்து, தராசை மூடியின் தளத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து, மூடி கட்டையை விட்டு விலகும்வரை இழுங்கள். ஈர்ப்பு மையம் கீல் மட்டத்திலேயே இருந்தால் 32 கிலோ காட்டும். 21 காட்டினால் மையம் 200 மிமீ மேலே இருக்கிறது என்று பொருள். இடைப்பட்ட எண்களுக்கு: இரண்டாவது அளவை முதல் அளவால் வகுத்து, அதை 0.707ஆல் வகுத்து, கிடைப்பதை 1இலிருந்து கழித்து, 0.6ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வரும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கட்டையை எடுப்பவரும் தராசைப் பார்ப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

ஜூன் 6

இனி ஸ்ட்ரட்டைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் பொருத்தத்தையே வைத்துக்கொள்கிறேன். மூடிய நிலையில் 530 என்ற திருப்புத்திறனை முழுதும் ஈடுகட்ட வேண்டுமென்றால் 545 நியூட்டன் ஸ்ட்ரட் இரண்டு தேவை. ஆனால் முழு ஈடு எனக்கு உடன்பாடில்லை. கொக்கியைக் கழற்றிய கணத்தில் மூடி தானாக எழும்பக் கூடாது. கை வைத்துத் தூக்கினால் மட்டுமே எழும்ப வேண்டும். ஆகவே 500 நியூட்டன் இரண்டு.

மூடிய நிலையில் 486 கிடைக்கிறது, 530 தேவை. விளிம்பில் 4 கிலோவுக்கும் குறைவாகத் தூக்கினால் போதும். பாதி வழியில், 35 டிகிரியில், செங்குத்துத் தொலைவு 267 மிமீ ஆகக் குறைகிறது, விசையும் சற்று தளர்ந்திருக்கும். கிடைப்பது 297, எடையின் பங்கு 333. அங்கே விளிம்பில் 3 கிலோ. 70 டிகிரியில் தொலைவு 134 மிமீதான், ஆனால் எடையின் பங்கும் 15க்கு இறங்கிவிட்டதால், ஸ்ட்ரட்டின் 134 மூடியை நிறுத்திவைக்கிறது. தொடக்கத்திலும் நடுவிலும் ஏறக்குறைய ஒரே அளவான லேசான தூக்கல், முடிவில் தானாகப் போய் நிற்றல் என்ற இந்த ஓட்டம்தான் வேண்டியது. தொடக்கத்தில் 2 கிலோவும் நடுவில் 15 கிலோவும் கேட்கும் மூடி, கை உயர்ந்து வலுவிழக்கும் இடத்தில் மனிதனைக் காலை வாரிவிடும். பல மூடிகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன, ஏனென்றால் கட்டுபவர் மூடிய நிலையை மட்டும் கணக்கிட்டு நிறுத்திவிடுகிறார்.

ஆகவே குறைந்தது மூன்று கோணங்களிலாவது கணக்கிடுங்கள். அட்டையில் மூடியையும் பெட்டியையும் பத்தில் ஒன்றாக வெட்டி, கீல் இடத்தில் குண்டூசி குத்தி, ஸ்ட்ரட்டுக்கு நூல் கட்டி, அளவுகோலால் செங்குத்துத் தொலைவை அளந்தாலே போதும். நான் கணினியில் வரைந்ததை அட்டையில் சரிபார்த்தேன். கணினி எனக்குக் காட்டாத ஒன்றை அட்டை காட்டியது. ஸ்ட்ரட்டின் உருளை, நடு வழியில், பெட்டியின் மேல் விளிம்பு மடிப்பில் இடிக்கிறது. கோட்டுக்குத் தடிப்பு கிடையாது, உருளைக்கு உண்டு.

ஜூன் 6, இரவு

இடையில் ஒருவர் நான்கு ஸ்ட்ரட் வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்டிருக்கிறார். மூடி திறக்கும்போது டிரெய்லரே எழும்பிவிடும் என்ற அச்சத்தைத் தவிர எனக்கு மறுப்பில்லை. விளையாட்டாகச் சொன்னாலும், நான்கு என்பதில் ஒரு பொருள் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 9

கேள்வியில் இல்லாத ஒன்றுதான் இந்த வடிவமைப்பின் உண்மையான சிக்கல்: கூடாரம் எப்போதும் மூடியின் மேல் இருக்கப்போவதில்லை. பழுது பார்க்கக் கழற்றுவீர்கள், சுமை ஏற்றக் கழற்றுவீர்கள், ஈரம் உலர வெளியே பிரித்துப் போடுவீர்கள். அப்போது மூடி 35 கிலோ மட்டுமே; எடையின் திருப்புத்திறன் 206. ஸ்ட்ரட்டுகளோ அதே 486ஐத் தருகின்றன. கொக்கியைத் தளர்த்தியதும் விளிம்பு 24 கிலோ விசையோடு உங்கள் முகவாயை நோக்கி வரும். மூடுவதற்கும் கடைசியில் அதே 24 கிலோவை அமுக்கிக்கொண்டே கொக்கியை மாட்ட வேண்டும். உடல் எடையைச் சாய்த்து அமுக்கலாம், அமுக்கியும் இருக்கிறேன். இரு கைகளும் மூடியின் மேல் இருக்கையில் கொக்கியை மாட்ட மூன்றாவது கை தேவைப்படுகிறது.

கீழ்முனையை வேறொரு துளைக்கு மாற்றினால் தொலைவு குறையுமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் நீளம் 602 மிமீ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது; ஆகவே மாற்றுத் துளைகள் மேல்முனையை மையமாகக் கொண்ட அந்த ஆரத்தின் வில்லிலேயே அமைய வேண்டும். அந்த வில்லில் கீல் பக்கம் நகர்ந்துகொண்டே போனால், கீலுக்கு நேர் கீழே வரும்போது தொலைவு 278 மிமீ. அதற்கு மேல் நகர்ந்தால் சுவருக்கு வெளியே போய்விடும். நான்கில் ஒரு பங்குதான் குறைகிறது. தேவையோ பாதிக்கு மேல்.

நான் கடைசியில் ஏற்றுக்கொண்ட வழி இரண்டு ஜோடி. நிரந்தரமாக 200 நியூட்டன் இரண்டு, வெறும் மூடிக்கு. அவற்றின் அருகில், கூடாரம் ஏறும்போது மட்டும் மாட்டும்படி 300 நியூட்டன் இரண்டு. நான்கும் சேர்ந்தால் அதே 1000. கூடுதல் ஜோடியை மாட்டுவது மூடி முழுதும் திறந்து முட்டுக்கம்பியில் நிற்கும்போதுதான்; அப்போதுதான் ஸ்ட்ரட் முழு நீளத்தில், தளர்வாக, கையால் உருண்டைத் தலையில் (ஸ்ட்ரட் முனை மாட்டும் பந்து வடிவ முளை) அழுத்தி மாட்டும் நிலையில் இருக்கும். 200 ஜோடி மட்டும் இருக்கையில் மூடிய நிலையில் 194 கிடைக்கிறது, 206 தேவை, மிக நன்று. ஆனால் வெறும் மூடியின் ஈர்ப்பு மையம் கீல் மட்டத்துக்கு 50 மிமீ மேலே என்று கொண்டால், 70 டிகிரியில் ஸ்ட்ரட்டும் எடையும் 54க்கு 54 என்று சமமாகி நிற்கின்றன. ஓர் ஈ உட்கார்ந்தால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. இதனால்தான் முட்டுக்கம்பி.

ஜூன் 10

முட்டுக்கம்பி எதற்கு, காரின் பின்கதவு ஸ்ட்ரட்டில்தானே நிற்கிறது என்ற மறுமொழிக்கு.

காரின் பின்கதவு சிறியது, பெரும்பாலும் சமதளத்தில் திறக்கப்படுவது. நம் மூடி 2.4 சதுர மீட்டர் பரப்புள்ள பாய். நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று கீல் பக்கத்திலிருந்து வீசினால், திறந்து நிற்கும் மூடியின் மீது அது ஏறக்குறைய 170 நியூட்டன் விசையைத் தரும். கீலைச் சுற்றி அது 100 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல். 70 டிகிரியில் நம் கையிருப்பு 134 கழித்தல் 15, அதாவது 119. தப்பித்தோம் என்று நினைக்கலாம். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும், திருப்புத்திறன் 230ஐ எட்டும். மூடி விழும்.

சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட டிரெய்லர் ரசமட்டம் வைத்த தரையில் நிற்பதில்லை. கீல் பக்கம் 8 டிகிரி உயர்ந்திருக்கும்படி நிறுத்தினால், திறந்த நிலையில் எடையின் பங்கு 15லிருந்து 93 ஆகிறது. கையிருப்பு 41. அதற்கு மெல்லிய காற்றே போதும். உள்ளே தலையை விட்டு அடுப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது.

ஆகவே என் நிலைப்பாட்டை இங்கேயே எழுதிவிடுகிறேன்: ஸ்ட்ரட் தூக்குவதற்கு மட்டுமே. நிறுத்திவைப்பது இரும்பின் வேலை. ஸ்ட்ரட்டில் வாயுவே இல்லை என்று வைத்துக்கொண்டு திறந்த மூடியை வடிவமைக்க வேண்டும். ஸ்ட்ரட் முழு விசையோடு மேலே தள்ளுகிறது, எடையே இல்லை என்று வைத்துக்கொண்டு மூடிய மூடியின் கொக்கிகளை வடிவமைக்க வேண்டும்.

ஜூன் 11

70 டிகிரியைப் பற்றி மறுபடி யோசித்தேன். மேலே கீல் பக்கம் உயர்ந்த சரிவை மட்டும் எழுதினேன். எதிர்ச்சரிவில் என்ன ஆகும்? கீல் பக்கம் 8 டிகிரி தாழ்ந்திருந்தால், 70ம் 18ம் 8ம் சேர்ந்து 96 ஆகிறது. ஈர்ப்பு மையம் கீலைத் தாண்டிவிட்டது. மூடி மறுபக்கம் கவிழப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ஸ்ட்ரட்டின் உள்ளே இருக்கும் முனைத் தடுப்பு ஒன்றுதான். அந்தத் தடுப்பு, தண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க வைத்தது. 90 கிலோவைத் தொங்கவிட வைத்ததல்ல.

60 டிகிரியில் நிறுத்திவிட்டால் அதே சரிவில் கூட்டுத்தொகை 86. கவிழாது. இதற்கு நாம் தரும் விலை என்ன என்று பார்த்தேன்: 70 டிகிரியில் மூடியின் விளிம்பு கீலுக்கு மேலே 1.13 மீட்டர் உயரத்தில் இருக்கும், 60இல் 1.04. ஒன்பது சென்டிமீட்டர். அவ்வளவுதான். ஸ்ட்ரட்டின் வீச்சும் 321 மிமீயிலிருந்து 294 ஆகக் குறைகிறது, சிறிய ஸ்ட்ரட்டே போதும்.

மறுபக்கம், 60இல் எடையின் பங்கு 112, ஸ்ட்ரட்டின் பங்கு 174. கையிருப்பு 62தான், கீல் பக்கம் உயர்ந்த சரிவில் அதுவும் இல்லாமல் போய் மூடி மெல்ல இறங்கத் தொடங்கும். மூடி கவிழ்ந்து கீலைப் பிய்த்துக்கொண்டு போவதையும், முட்டுக்கம்பி போடாவிட்டால் இறங்குவதையும் தட்டில் வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தேவலாம். நான் 60ஐத் தேர்ந்தெடுத்தேன். 70க்கு வாதாடுபவர்கள் மூடியின் வெளி விளிம்பையும் பெட்டியையும் இணைக்கும் ஒரு வலுவான நாடாவையாவது கட்டிக்கொள்ளட்டும்.

முட்டுக்கம்பிக்கு 25 மிமீ விட்டம், 2 மிமீ தடிப்புள்ள எஃகுக் குழாய் போதும். ஸ்ட்ரட் செத்து, பலத்த காற்றும் அடித்தால் அதன் மேல் 2000 நியூட்டன் வரும். 90 சென்டிமீட்டர் நீளத்தில் அந்தக் குழாய் வளைவதற்கு அதைப் போல் பத்து மடங்கு வேண்டும். முறிவது குழாயல்ல, அதன் இரு முனையிலும் இருக்கும் ஊசியும் தகடும்தான். ஊசியை இரண்டு பக்கமும் பிடிக்கும்படி கவட்டையில் வையுங்கள். முட்டு தானாக விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் மூடியை இரண்டு டிகிரி மேலே தள்ளினால்தான் வர வேண்டும். அந்த இரண்டு டிகிரிக்கு ஸ்ட்ரட்டில் வீச்சு மிச்சம் வையுங்கள். அதே போல் மூடிய நிலையிலும் 8 அல்லது 10 மிமீ மிச்சம் இருக்கட்டும்; ரப்பர் பட்டை நாளடைவில் அமுங்கி மூடி சற்று கீழே உட்காரும்போது ஸ்ட்ரட் அடிமுட்டி நின்றால், கொக்கியை இறுக்குபவர் அறியாமலே போல்ட்டைப் பிடுங்குவார்.

ஜூன் 15

கீலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆகவே நானே எழுதுகிறேன். மூடிய நிலையில் ஸ்ட்ரட் செங்குத்தாக நிற்பதில்லை. 48 டிகிரி சாய்வில் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து தரும் 1300 நியூட்டனில் 970 மேல்நோக்கியும், 860 கிடைமட்டமாகவும் போகின்றன. மூடியைக் கீலிலிருந்து பிரித்துக் கொக்கிப் பக்கம் தள்ளும் அந்த 860ஐக் கீல்கள்தான், டிரெய்லர் நிறுத்தியிருக்கும்போதும், இரவும் பகலும் பிடித்திருக்கின்றன. கீல் ஊசியில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் மூடி அந்த ஒரு மில்லிமீட்டரைக் கொக்கிப் பக்கம் நகர்ந்து உட்காரும், ரப்பர் பட்டை ஒரு பக்கம் மட்டும் தேயும்.

நீண்ட தொடர்கீலைவிட மூன்று தனிக் கீல்களை நான் விரும்புகிறேன். கரடான தடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று பாறையிலும் இருக்கையில் பெட்டி முறுகும். தொடர்கீல் அந்த முறுக்கத்தை மூடிக்குள் கடத்தும். மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே நேர்க்கம்பியை மூன்று கீலிலும் ஊடுருவவிட்டு, அப்படியே பற்றவைத்துவிட்டுக் கம்பியை உருவிவிடுவது எளிய வழி.

ஸ்ட்ரட் முனைகளுக்கு வருவோம். ஒவ்வொரு முனையிலும் 650 நியூட்டன். அதை 2 மிமீ அலுமினியத் தகட்டில் நாலு ரிவெட் அடித்துத் தாங்கச் சொல்வது குருவித் தலையில் பனங்காய். தகடு உடனே கிழியாது. முதலில் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பொடி வளையம் தெரியும். அலுமினியம் அசைந்து அசைந்து அரைபட்ட தூள் அது. பிறகு துளை, ஸ்ட்ரட் தள்ளும் திசையில் நீள்வட்டமாகும். வளையம் தெரிந்த அன்றே சட்டத்தின் குழாயோடு சேரும்படி பின்தகடு வைத்து போல்ட் போட்டுவிடுங்கள்; நீள்வட்டம் ஆன பிறகு அந்த இடத்தில் துளையிட இடமிருக்காது.

ஜூன் 15, தொடர்ச்சி

கொக்கியைப் பற்றி 10ஆம் தேதி ஒரு வாக்கியம் எழுதி விட்டுவிட்டேன். எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் அது உறைக்கும். டிரெய்லர் ஒரு மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பெட்டி தடையின்றி விழுவது போன்ற நிலை வரும். அப்போது மூடியின் எடை இல்லாதது போலாகும், ஸ்ட்ரட்டின் 486 மட்டும் மிஞ்சும். விளிம்பில் 405 நியூட்டன் கொக்கிகளை மேலே இழுக்கும். ஸ்பிரிங் பெட்டியை அதைவிட வேகமாகக் கீழே இழுத்து, புவியீர்ப்பைப் போல் இரண்டு மடங்கு முடுக்கம் வந்தால், மூடி பின்தங்க முயலும். கொக்கிகளின் மேல் 850 நியூட்டன். மேடுபள்ளமான தடத்தில் இது ஓயாமல் நடக்கும். ஸ்ட்ரட் இல்லாத மூடியை அதன் எடையே பெரும்பாலும் உட்கார வைக்கும். ஸ்ட்ரட் உள்ள மூடிக்குக் கொக்கி ஒன்றே கதி. நெம்பி இறுக்கும் வகைக் கொக்கி இரண்டும், அவை அதிர்வில் திறந்துகொள்ளாதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்பு ஊசியும் வேண்டும்.

ஜூன் 16

தூசி. ஓடும் டிரெய்லரின் பின்னால் அழுத்தம் குறைவதால் தூசி அங்கே சுழன்று, கிடைத்த இடுக்கில் எல்லாம் உள்ளே உறிஞ்சப்படும். உள்ளே குழிவான ரப்பர் பட்டையைச் சுற்றிலும் ஒட்டி, மூலைகளில் வெட்டாமல் வளைத்துக் கொண்டுபோய், இணைப்பைக் கீல் பக்கத்தின் நடுவில் வையுங்கள். பட்டை அமுங்கவும் விசை வேண்டும், சுற்றளவு 6.4 மீட்டர், மீட்டருக்கு 50 நியூட்டன் கேட்கும் பட்டை என்று வைத்தால் 320. இது ஸ்ட்ரட்டுக்குத் துணையாக மூடியை மேலே தள்ளுவதால், கொக்கியின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீலின் மையம் பட்டையின் மட்டத்துக்குக் கீழே இருந்தால், மூடும் கடைசி நொடியில் மூடி பட்டையைத் தேய்த்துக்கொண்டு நகரும். மட்டத்திலேயே வையுங்கள்.

ஜூன் 21

கை வலிக்காமல் 12 வோல்ட் மோட்டார் தண்டு (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) வைத்துவிட்டால் இத்தனை கணக்கும் வேண்டாமே என்று ஒருவர்.

வேண்டும். திருகு வகை மோட்டார் தண்டில் பெரிய நன்மை ஒன்று உண்டு: மின்சாரம் இல்லாதபோது பெரும்பாலானவை எடையால் பின்வாங்குவதில்லை, நின்ற இடத்தில் நிற்கும். கூடாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே வேகத்தில் தூக்கி இறக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தால் இரண்டும் சேர்ந்தாற்போல் நகர வேண்டும். ஒன்று முந்தினால் மூடி முறுகும். பேட்டரி இறங்கிய இரவில் மூடி திறக்க, ஊசியை உருவித் தண்டை விடுவிக்கும் வழி வெளியிலிருந்தே எட்ட வேண்டும். பெட்டிக்குள் எட்டும்படி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களின் உறவினர்கள் அவர்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டின் கலப்பு. எடையின் பெரும்பகுதியை ஸ்ட்ரட் சுமக்க, மிச்சத்தை மட்டும் மோட்டார் செய்யட்டும். மோட்டார் சிறியதாகும், அது பழுதானாலும் கையால் தூக்கலாம். இந்த ஏற்பாட்டில் கூடாரம் இல்லாத நாளில் மோட்டாரின் வேலை தூக்குவதல்ல, கீழே இழுப்பது. ஸ்ட்ரட் இருக்கும் கோட்டிலேயே மோட்டாரும் இருந்தால் 750 நியூட்டன் இழுவை கேட்கும். தள்ளும் விசையை மட்டும் பார்த்து வாங்கினால் இது கண்ணில் படாது.

ஜூன் 22

வெப்பநிலை. ஸ்ட்ரட்டின் எண் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. ஒவ்வொரு டிகிரிக்கும் விசை ஏறக்குறைய 0.34 விழுக்காடு மாறும். 500 என்பது உறைநிலையில் 466 ஆகும், 45 டிகிரி வெயிலில் 543 ஆகும். குளிரில் நம் மூடிக்கு விளிம்பில் 6.5 கிலோ தூக்க வேண்டும், கவலையில்லை. வெயிலில் 527க்கு 530 என்று ஏறக்குறைய சமமாகிவிடும். ஜூன் 6 அன்று நான் 545ஐத் தவிர்த்து 500ஐ எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 545 வாங்கியிருந்தால் நண்பகலில் கொக்கியைத் தட்டியதும் மூடி தானே எழும்.

தண்டு கீழ்ப்பக்கம், உருளை மேல்பக்கம் இருக்கும்படி பொருத்துங்கள். உள்ளே இருக்கும் சிறிதளவு எண்ணெய் அப்போது வாயு கசியாமல் காக்கும் முத்திரை வளையத்தின் மேல் தேங்கி அதை உலரவிடாது, திறப்பின் கடைசிக் கட்டத்தை மெதுவாக்கவும் செய்யும். நம் பொருத்தத்தில் மூடிய நிலையில் 48 டிகிரி, திறந்தால் 80 டிகிரி. எந்த நிலையிலும் தண்டு கீழ்நோக்கியே இருக்கிறது. பயணத்தில் தண்டு முழுதும் உருளைக்குள் ஒளிந்திருப்பது நமக்கு இன்னொரு வசதி.

தண்டுக்கு கிரீஸ் தடவலாமா என்ற கேள்விக்கு: கூடாது. தூசி அதில் ஒட்டி அரைப்புத்தாள் போலாகி, ஒவ்வொரு முறை மூடும்போதும் முத்திரை வளையத்தைத் தேய்க்கும். திறந்து வைத்திருக்கையில் தண்டில் தூசி படிந்தால், மூடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். தண்டின் மீது எண்ணெய் மின்னினால் வளையம் போய்க்கொண்டிருக்கிறது. கிரீஸ் உருண்டைத் தலைகளுக்குத்தான், அதுவும் சிறிதளவு.

ஜூலை 2

ஒரு பக்க ஸ்ட்ரட் தளர்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டவருக்கு. இரண்டையும் மாற்றுங்கள். ஒன்று முழுதாகச் செத்தால் மூடிய நிலையில் மிஞ்சுவது 243. விளிம்பில் 24 கிலோ தூக்க வேண்டும், அதைவிட மோசமாக, 2 மீட்டர் நீள மூடியின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் இழுபட்டு, கீல்களில் ஒன்று முதலில் தளரும். பழையது ஒன்று புதியது ஒன்று என்றாலும் இதே முறுக்கம் சற்றுக் குறைந்த அளவில் நாள்தோறும் நடக்கும்.

எது தளர்ந்தது என்று அறிய, மூடியை முட்டில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்ட்ரட்டாகக் கழற்றி, தண்டு முனையைக் குளியலறை எடைமானியின் மீது வைத்து மெதுவாக உடல் எடையால் அமுக்குங்கள். 500 நியூட்டன் ஸ்ட்ரட் 51 கிலோவில் உள்ளே போகத் தொடங்க வேண்டும். எடைமானியின் கண்ணாடியைக் காக்க ஒரு பலகைத் துண்டு நடுவில் இருக்கட்டும். மாற்றிய பழையவற்றை அறுக்கவோ துளையிடவோ நெருப்பில் போடவோ வேண்டாம். தூக்க முடியாத அளவுக்குத் தளர்ந்த ஸ்ட்ரட்டிலும் நைட்ரஜன் உயர் அழுத்தத்தில்தான் இருக்கிறது.